கூடையும் இரண்டாம் பக்கமும்

எதையும் கடைசிவரை படிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். யாருக்குக் கல்யாணம் என்பது போனால் தெரியப்போகிறது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம், "பொறுமைசாலி நீங்க படிங்க, எனக்கு வேலை இருக்குது" என்று வாயை அடைத்துவிடுவேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் சில வருடங்களுக்கு முன்னால் பி.எட். படிக்க விண்ணப்பம் போட்டேன்.

கல்லூரியிலிருந்து பதில் வந்தபோது மரக்காணம் உப்பளத்தில், வரப்பின் மேல், காலில் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். டீ குடிக்க விட்டிருந்த நேரம். போனில் மணி அடித்தது. சித்திரை வெயிலில் உப்புப் பாத்திகள் மின்னும்போது போன் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, அந்த இருட்டுக்குள் போனை வைத்துப் பார்த்தேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மேலே கல்லூரியின் பெயர், அதற்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே வாழ்த்து, அதற்கும் கீழே 'செலக்டட்'. என் ஆங்கிலம் 'செலக்டட்' வரைக்கும் தாராளமாகப் போகும். அதோடு போனை மூடிவிட்டேன்.

முந்தானையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தே, கூட உப்புச் சுமக்கிற செட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "இன்னாடி ஆச்சு?" என்றாள் ஒருத்தி. "டீச்சர் ஆயிட்டேன்" என்றேன். பி.எட். இரண்டு வருடம், அதற்கப்புறம் தகுதித் தேர்வு, அதற்கப்புறம் வேலை என்று நடுவில் கிடந்த அத்தனையையும் ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டேன். கடிதத்தின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். உச்சிப் பொழுதுக்குள் பொம்மையார்பாளையத்தில் இருக்கிற என் அக்கா வரைக்கும் சேதி போய்விட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தேன். அரசர்களையும் போர்களையும் ஒரு வழியாகக் கடந்துவிட்டேன். ஆங்கிலத் தாள் மட்டும் அரியராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். பி.எட். விண்ணப்பத்திலும் 'முடிவு வரவில்லை' என்று நேர்மையாகத்தான் நிரப்பியிருந்தேன். அது தெரிந்தும் என்னை எடுத்துக்கொண்டார்கள் என்றால் பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அளத்தில் ஆண்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார்கள். பெண்கள் நாங்கள் அதைக் கூடையில் அள்ளி, வரப்பின் மேல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகச் சுமந்துபோய் மேட்டில் குவிப்போம். செட்டில் இடம் என்பது கூடைதான். கூடை யாரிடம் இருக்கிறதோ அவளுக்கு வேலை. விட்டுப் போகிறவள் தன் கூடையையும் தலைச் சும்மாட்டுத் துணியையும் மேஸ்திரி முன்னால் இன்னொருத்தி கையில் கொடுப்பாள். மேஸ்திரி தலையாட்டினால் முடிந்தது. கொடுத்த கூடையைத் திரும்பக் கேட்கிற வழக்கம் கிடையாது. எனக்கே அது என் மாமியார் முழங்கால் வலியில் உட்கார்ந்தபோது வந்த கூடைதான்.

வரப்புக்கு ஒரு சட்டமும் உண்டு. சுமையோடு வருகிறவளுக்குத்தான் வழி. வெறுங்கையோடு நிற்கிறவர் அளத்து முதலாளியாகவே இருந்தாலும் ஓரத்து வாய்க்காலில் இறங்கி நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தைத் தொண்டை கிழியக் காப்பாற்றிவந்தவள் நான். அதிலும் அனுமந்தைக்காரியிடம் தினமும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அனுமந்தைக்காரி எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். பிறந்த ஊரே பேராகிவிட்டது. அவள் புருஷன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர். கடல் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. அவளுக்குச் செட்டில் இடமில்லை. யாராவது வராமல் போனால் அந்தக் கூடை கிடைக்குமே என்று விடிவதற்கு முன்பே வந்து வரப்பு முனையில் நிற்பாள். நாங்களோ பிள்ளை பெற்றாலும் ஓய்வு எடுக்காத ஜாதி. "வழியில நிக்காதடி" என்று நான் கத்துவேன். வாய்க்காலில் இறங்கி, தண்ணீரில் நின்றபடி சிரிப்பாள்.

ஆகவே என் கூடை யாருக்கு என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. மறுநாளே செட்டுக்கு டீயும் போண்டாவும் வாங்கினேன். மேஸ்திரிக்கு முன்னால் கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படிப்பின் பெருமை பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். மேஸ்திரி வாயில் போண்டாவோடு தலையாட்டினார். அனுமந்தைக்காரி கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா, நீ நல்லா இருக்கணும்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நான் அழுதால் சிவாஜி படம் மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

அன்று சாயந்திரம் கடிதத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று மரக்காணத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பொத்தானை அமுக்கினான். ஒரு தாள் வந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அக்கா, இருங்க. இன்னொரு பக்கம் வருது."

"அது வேற யாரோடதா இருக்கும்."

"உங்களோடதுதான் அக்கா. ரெண்டு பக்கம்."

இரண்டாம் தாளில் நிபந்தனைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றிருந்தன. அவன் எனக்காக ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். பட்டப் படிப்பில் எல்லாத் தாளிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அதற்கான அத்தாட்சியை வகுப்பு தொடங்குவதற்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். உடல் தகுதிச் சான்று வேண்டும், அசல் சான்றிதழ்கள் வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் இந்தச் சேர்க்கை தானாகவே ரத்தாகும். இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

"அப்ப எனக்கு சீட்டு இருக்குதா, இல்லியா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இருக்குது அக்கா. ஆனா இப்போதைக்கு இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன். கோபம் அவன் மேல் இல்லை. எவனோ ஒருவன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வாழ்த்தை முதல் பக்கத்திலும் வம்பை இரண்டாம் பக்கத்திலும் போட்டிருக்கிறான், அவன் மேல். வாழ்த்தைக் கடைசியில் வைத்திருந்தால் குடியா முழுகிவிடும்? நானும் கூடையைக் கையில் வைத்துக்கொண்டே படித்திருப்பேன்.

வீட்டில் மாமியாருக்கு விளங்கவைப்பதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது.

"கெடச்சிருச்சு அத்த. ஆனா பாஸானாதான் கெடைக்கும்."

"பாஸாவலன்னா?"

"கெடைக்காது."

"அப்ப கெடைக்கலன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?"

என் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவர். அவர் பாஷையில் சொன்னார். "லோடு ஏத்திட்டாங்கம்மா. ஆனா சாவிய கையில குடுக்கல." மாமியாருக்கு அது புரிந்தது. உடனே அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "அப்ப கூடை?"

பரீட்சை நன்றாக எழுதியிருந்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது. சீட்டும் இல்லாமல், கூடையும் இல்லாமல், ஊர் முழுக்க டீச்சர் என்ற பேரோடு மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேட்டஸில் இன்னும் கைகூப்புகளும் பூங்கொத்துகளும் வந்து விழுந்துகொண்டிருந்தன. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அளத்துக்குப் போனேன். கூடையைக் கேட்கப் போகவில்லை என்று மாமியாரிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனேன். "குடுத்த கூடைய திருப்பிக் கேட்டன்னா நான் தெருவுல தல காட்ட முடியாது" என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பிரவுசிங் சென்டர் பையனின் அத்தை எங்கள் செட்டில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அனுமந்தைக்காரி கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஏம்மா, நீ போறேன்னு சொன்ன. போண்டா குடுத்த. நானும் துன்னுட்டேன். இப்ப வந்து நின்னா நான் இன்னா பண்றது?"

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

செட்டே கூடிப் பேசியது. எனக்காகப் பாவப்பட்டவர்களும் இருந்தார்கள், அவளுக்காகப் பாவப்பட்டவர்களும் இருந்தார்கள். கடைசியில் மேஸ்திரி ஒரு தீர்ப்புச் சொன்னார். "ரிசல்ட்டு வர்ற வரைக்கும் கூடை அவகிட்டயே இருக்கட்டும். இவ பாஸானா அவளுக்கே. இவ பெயிலானா இவ திரும்ப வரட்டும்." எல்லோரும் சரி சரி என்றார்கள். அனுமந்தைக்காரி மட்டும் எழுந்து நின்றாள்.

"அப்ப நான் எவ்ளோ ஒழுங்கா தூக்குனாலும் பத்தாதா மேஸ்திரி? இவ இங்கிலீஷ்ல பாஸாவணுமா?"

அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் எனக்கு முழுசாக விளங்கியது அந்த நிமிஷத்தில்தான். எனக்குப் போட்ட நிபந்தனையாவது நானே என் கையால் எழுதிய பரீட்சை. அவளுக்கு நாங்கள் போட்டது இன்னொருத்தி எழுதிய பரீட்சை. எங்கள் ஊரில் இதுவரை இப்படி ஓர் உத்தியோகம் யாருக்கும் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து என் ரிசல்ட்டுக்கு என்னைவிடப் பெரிய சொந்தக்காரி ஒருத்தி கிடைத்தாள். வேலை முடிந்ததும் உப்புப் பூத்த காலோடு நேராக என் வீட்டுக்கு வருவாள். வெறுங்கையோடு வந்ததில்லை. நெத்திலிக் குழம்பு, சுட்ட கருவாடு, ஏதாவது ஒன்று. "மீன் மூளைக்கு நல்லது அக்கா" என்பாள். "பரீட்சை எழுதி முடிச்சாச்சுடி, இனிமே மூளை எதுக்கு?" என்றால் கேட்க மாட்டாள். நான் தட்டைக் காலி செய்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாமி விஷயத்தில் அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. அனுமந்தையில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கூனிமேட்டு தர்காவில் ஓதிய கயிறு வாங்கிவந்து என் கையில் கட்டினாள். ரோட்டோரத்து மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். "இங்கிலீஷ் பரீட்சையாச்சே, மாதாவுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்" என்றாள். மூன்று இடத்திலும் வேண்டியது என் பேரைச் சொல்லித்தான். அவள் பேரை எங்கேயும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது.

பரீட்சையில் என்ன எழுதினேன் என்று விசாரிக்கவும் ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வந்திருந்தது. காய்ச்சல் என்று எழுதியிருந்தேன். கேட்டுக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஜுரம்னு எழுதுனியே, எப்ப திரும்பி வருவேன்னு எழுதுனியா?"

"ஏண்டி?"

"அது எழுதலன்னா அவரு எப்படி லீவு குடுப்பாரு? அளத்துல மேஸ்திரி கேப்பாரு இல்ல?"

எழுதினேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. அதன் பிறகு எனக்குத் தூக்கம் போனது. இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தின் இல்லாத தலைமை ஆசிரியர் எனக்கு லீவு கொடுப்பாரா மாட்டாரா என்று புரண்டு புரண்டு படுத்தேன். கோபத்தில் ஒருநாள் அவளைத் திட்டியும்விட்டேன். "நான் பெயிலானா உனக்கு என்னாடி? உன் வேலைய பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அதான் அக்கா என் வேலை" என்றாள்.

நடுவில் கோடை மழை ஒன்று வந்து கெடுத்தது. பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து, சில நாள் அளத்தில் வேலையே இல்லை. அந்த நாட்களிலும் அவள் வந்தாள், குழம்பு இல்லாமல். நான்தான் சோறு போட்டேன். உடல் தகுதிச் சான்று வாங்க அரசு மருத்துவமனைக்குப் போனபோதும் கூட வந்தாள். டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, உப்பு வெளிச்சத்தில் வேலை செய்கிறவளா என்று கேட்டார். நான் 'ஆமாம்' சொல்வதற்குள், "செஞ்சாங்க சார், இப்ப இல்ல, இனிமே நான்தான்" என்றாள் பின்னாலிருந்து. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரிசல்ட் வருகிற அன்று காலையில் வீட்டில் உட்கார முடியவில்லை. கால் தானாக அளத்துக்குப் போய்விட்டது. செட்டு சுமந்துகொண்டிருந்தது. மேட்டில், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில்தான் போனில் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். அங்கே போய் நின்றேன். பல்கலைக்கழகத்தின் பக்கம் திறந்தால்தானே. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அனுமந்தைக்காரி உப்பைக் கொட்டிவிட்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் கொட்டிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் வரிசையே என்னைச் சுற்றி நின்றது. மேஸ்திரி கத்திக்கொண்டே வந்தார், வந்தவரும் நின்றுவிட்டார்.

பக்கம் திறந்தது. அனுமந்தைக்காரி தன் முந்தானையை எடுத்து எங்கள் இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினாள். உள்ளே அவள் மூச்சு என் காதில் பட்டது. என் பெயர் தெரிந்தது. தாளின் பெயர் தெரிந்தது. மதிப்பெண் பாஸ் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் வழுக்கியிருந்தால் போயிருக்கும். பக்கத்தில் பாஸ் என்று இருந்தது.

"பாஸ்" என்றேன்.

முந்தானையை எடுக்கப்போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு அக்கா. கீழ தள்ளு. இன்னொரு பக்கம் இருக்குதா பாரு."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கடைசிவரை படித்தேன். விரலால் தள்ளித் தள்ளி, புள்ளி, கோடு, அச்சுப் பிழை எதையும் விடாமல் அடிமட்டம் வரைக்கும் போனேன். அவளும் கூடவே பார்த்தாள். வெறும் வெள்ளைதான் இருந்தது.

"இல்லடி. அவ்ளோதான்."

"நெஜமா? பாஸ்தான?"

"பாஸ்தான்."

"நாளைக்கு நீ வர மாட்டியே?"

"வர மாட்டேன்."

முந்தானை விலகியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பெண்கள் என் கையையும் கன்னத்தையும் பிடித்து ஏதேதோ சொன்னார்கள். யாரோ போண்டா கேட்டார்கள். மேஸ்திரி, "போதும் போதும், பாத்தியில உப்பு கெடக்குது" என்று விரட்டினார். ஒவ்வொருத்தியாகக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் இறங்கிப் பாதி வரப்பு வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் நடக்க முடியவில்லை. சந்தோஷம்தான், ஆனால் என் தலை அப்படி ஒன்றுமே இல்லாமல் லேசாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் சுமந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரிசை வந்தது. முன்னால் அவள்தான் வந்தாள், கூடை நிறைய உப்போடு. சும்மாட்டுத் துணி என்னுடையது, என் பழைய பச்சைப் புடவைக் கிழிசல். என் முன்னால் வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிந்து, இரண்டு கையும் கூடையைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியாமல் நின்றாள்.

"அக்கா," என்றாள், "வழியில நிக்காத."

நான் வாய்க்காலில் இறங்கி நின்றேன்.